ஐ.வி. பயிற்சிக் கை: துளை விழுந்த தோல் சொல்லிக்கொடுக்கும் தப்புப் பாடம்

நர்சிங், மருத்துவ மாணவர்களின் ஸ்கில் லேபில் அதிகம் குத்து வாங்குவது, வெயினில் (சிரையில்) ஊசி ஏற்றிப் பழக வைத்திருக்கும் இந்தப் போலிக் கைதான். அமைப்பு எளிது. கெட்டியான நடுப்பகுதியில் பள்ளங்கள், பள்ளங்களில் வெயின்களாக மெல்லிய ரப்பர் குழாய்கள், அதன்மேல் கையுறை போல இழுத்து மாட்டும் தோல். இரண்டு பைகள் உண்டு. உயரத்தில் தொங்கும் பையிலிருந்து சிவப்புத் திரவம் இறங்கும், கீழே உள்ளதில் வடியும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் தோலும் குழாயும் தேய்ந்த பிறகும் அதையே வைத்து ஓட்டினால், அது தவறான பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கைத்திறன் மூன்று கட்டங்களில் பதிகிறது என்று 1967-ல் உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் எழுதினார்கள்: ஒவ்வொரு அடியையும் யோசித்துச் செய்வது, அடிகள் ஒன்றோடொன்று இணைவது, யோசிக்காமலே கை ஓடுவது. முதல் இரண்டு கட்டங்களுக்கு இந்தக் கை அருமையான துணை. ஊசியின் சாய்ந்த முகம் மேலே பார்க்க, தாழ்ந்த கோணத்தில் நுழைக்க வேண்டும். ஃபிளாஷ்பேக் (ஊசியின் பின்பகுதியில் சிவப்பு ஏறுவது) தெரிந்ததும் கோணத்தை இன்னும் தாழ்த்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னேற்றி, பிறகு கேனுலாவை (ஊசியைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயை) மட்டும் வழுக்கி உள்ளே தள்ள வேண்டும். புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிவப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அங்கேயே நிறுத்திவிடுவார். ஊசி முனை மட்டும் குழாய்க்குள் இருக்கும், கேனுலாவின் நுனி வெளியே இருக்கும், தள்ளினால் மடங்கும். நோயாளியிடம் வலியில்லாமல் இதை உணர்த்த வழியில்லை. பயிற்சிக் கையில் பத்து முறை மடங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கைத்திறன் கற்பிக்க மருத்துவர் பேட்டன் சொன்ன நான்கு படிகளும் இதில் அப்படியே பொருந்துகின்றன. ஆசிரியர் பேசாமல் செய்து காட்டுவார், பிறகு விளக்கிச் செய்வார், அடுத்து மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார், கடைசியில் மாணவரே செய்வார். மூன்றாம் படியை நேரமில்லை என்று தாண்டிவிடும் வகுப்புகள் உண்டு. தாண்டவே கூடாது. மாணவரின் மனதில் எந்த அடி விடுபட்டிருக்கிறது என்று வாய்விட்டு வெளிவருவது அங்கேதான்.

இனி குறைகள். மிகப் பெரியது, தோலில் விழும் துளைகள். பல மாணவர்கள் குத்திய பிறகு தோலில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அதற்குப் பிறகு மாணவர் விரலால் தடவி வெயினைத் தேடுவதில்லை, புள்ளியைப் பார்த்துக் குத்துகிறார். குத்தியதும் சிவப்பு வருகிறது, உடனடிப் பரிசு. பரிசு கிடைத்த செயலே திரும்பத் திரும்ப வரும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் வலுவூட்டல் இங்கே அச்சுப் பிசகாமல் வேலை செய்கிறது, ஆனால் வலுப்பெறுவது தவறான செயல். வார்டில் புள்ளி இல்லாத தோலைப் பார்த்ததும் அதே மாணவர் திகைத்து நிற்பார்.

இரண்டாவது, காற்றுக் குமிழி. குழாயில் காற்று நின்றுவிட்டால் ஊசி சரியாக நுழைந்தாலும் ஃபிளாஷ்பேக் வராது. சரியாகச் செய்தவர் தான் தவறவிட்டதாக நினைத்து ஊசியைத் துழாவ ஆரம்பிப்பார். வகுப்புக்கு முன் பைகளின் குழாயை மூடித் திறக்கும் இரண்டு கிளாம்பையும் திறந்து, குமிழியில்லாமல் திரவம் கீழ்ப் பைக்குப் போகும்வரை ஓடவிட்டு, அதன் பிறகு கீழ்க் கிளாம்பை மூடுங்கள்.

டூர்னிக்கெட் (வெயின் புடைக்கக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) விஷயமும் இப்படித்தான். கட்டினாலும் கட்டாவிட்டாலும் இந்த வெயின் புடைத்தே இருக்கும். ஆகவே கட்டுவதும் மறக்கும், அவிழ்ப்பதும் மறக்கும். அயோடின் தோலில் கறை பிடிக்கும் என்பதால் வெறும் தண்ணீர்ப் பஞ்சால் துடைக்கச் சொல்வோம்; மருந்து உலரக் காத்திருக்கும் பழக்கம் அதோடு போய்விடும். தண்ணீர்ப் பஞ்சே இருக்கட்டும், காத்திருக்கும் நொடிகளை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இந்தக் குறைகளை ஊகத்தில் விடாமல் செயலாய்வாக, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே மாற்றிப் பார்த்துச் செய்யும் ஆய்வாக எடுப்பது நல்லது. உளவியலாளர் கர்ட் லெவின் 1946-ல் முன்வைத்த சுழற்சியிலிருந்து பிற்பாடு வளர்ந்த நான்கு படிகளே போதும்: திட்டம், செயல், கவனிப்பு, சிந்தனை. கேள்வியைச் சிறிதாக வையுங்கள். 'மாணவர் திறனை மேம்படுத்துவது எப்படி' என்பது செயலாய்வுக் கேள்வி ஆகாது. 'குத்துவதற்கு முன் விரலால் தடவிப் பார்ப்பவர் எத்தனை பேர்' என்பது கேள்வி. முதல் வாரம் எதையும் மாற்றாமல் செக்லிஸ்டில் குறியுங்கள். அடுத்த வாரம் புதுத் தோல் மாட்டி, மாணவர் கண்ணை மூடி வெயினைத் தொட்டுக் காட்டிய பிறகே ஊசியை எடுக்கவிட்டு, அதே செக்லிஸ்டால் மறுபடி குறியுங்கள். மூன்றாவதாக மாணவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். செக்லிஸ்டில் வராத காரணம் அங்கே வரும். அடுத்த சுற்றில், நடிப்பு நோயாளி ஒருவரின் பக்கத்தில் இந்தக் கையைத் துணி போர்த்தி வைத்துப் பேசிக்கொண்டே செய்யச் சொல்லலாம். ஊசி முனை அவர் மேல் படாதபடி அடியில் கெட்டித் தட்டு அவசியம்.

இதில் அடிக்கடி சறுக்குவது இரண்டு இடங்களில். ஒருவரே கவனித்துக் குறித்தால் தன் வகுப்புக்குச் சாதகமாகவே பேனா ஓடும். இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். மார்க் போடும் ஆசிரியரே ஆய்வாளராகவும் இருப்பதால் மாணவர் ஆய்வில் சேர மறுக்கத் தயங்குவார். மறுத்தாலும் மதிப்பெண் பாதிக்காது என்று எழுத்தில் கொடுத்து, சம்மதத்தை வேறொருவர் வாங்குவது முறை. ஒரு வகுப்பில் கிடைத்த விடையை எல்லாக் கல்லூரிக்கும் நீட்டவும் வேண்டாம், அது அந்த வகுப்பைத் திருத்த வந்த விடை.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று: திரவத்தை உள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. சுத்தமான தண்ணீர் ஓடவிட்டு, சிரிஞ்சால் காற்றை அடித்து வெளியேற்றி உலர விடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், சாயம் காய்ந்து குழாய் அடைக்கும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) குழாயென்றால் ஒவ்வாமை உள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது வெவ்வேறு தோல் நிறத்தில் மாற்றுத் தோல் இருக்கிறதா என்று பாருங்கள். கருத்த தோலில் கண்ணை நம்ப முடியாது, விரலைத்தான் நம்ப வேண்டும் என்பது அப்போது தானாகப் புரியும். தோலும் குழாயும் தனியாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.