வேரியன்ஸ் படிப்பவருக்கு கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ்: ஒரு மதிப்புரை

விலக்க வர்க்கச் சராசரியை, கல்லூரி வழக்கில் சொன்னால் வேரியன்ஸை, கையால் போட்டுப் பழகிய மாணவர் அடுத்து எந்தக் கால்குலேட்டரை வாங்கலாம் என்று கேட்டால், நான் கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ்ஸைத்தான் சொல்வேன். வேகம் அதற்குக் காரணமன்று. ஒரே கேள்விக்கு அது இரண்டு விடைகளை அருகருகே வைப்பதே காரணம்.

ஐந்து நாள் பேருந்துப் பயணத்துக்கு எனக்கு ஆன நேரம் 40, 42, 45, 47, 51 நிமிடங்கள். மோட் விசையை இருமுறை தட்டி 1-ஐ அழுத்தினால் திரையில் எஸ்டி (திட்ட விலக்கம்) என்ற குறி வரும். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் எம் பிளஸ்ஸை அழுத்தினால், எத்தனை எண்கள் ஏறின என்பது தெரியும். பிறகு ஷிஃப்டும் 2-ம் அழுத்தினால் சராசரி 45-உடன் இரண்டு திட்ட விலக்கங்கள் கிடைக்கின்றன: சிக்மா என் 3.847, சிக்மா என் மைனஸ் ஒன்று 4.301 (என் என்பது எண்களின் எண்ணிக்கை, இங்கே 5). இவற்றின் வர்க்கங்களான 14.8, 18.5 ஆகியவையே இரண்டு வேரியன்ஸ்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் என்-ஆல் வகுத்தவர் இங்கே திகைப்பார். நான் படித்த வகுப்பில் "சாம்பிள் (முழுவதிலிருந்து எடுத்த மாதிரி) என்றால் என்-இல் ஒன்றைக் கழி" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறை எனக்கு நெடுநாள் இருந்தது. சராசரியிலிருந்து விலகல்கள் −5, −3, 0, 2, 6. இவற்றின் கூடுதல் பூச்சியமாகியே தீரும் என்பதால், நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானே வந்துவிடும். மேலும் 45 என்பது இந்த ஐந்து எண்களிலிருந்தே பிறந்த சராசரி என்பதால், ஆண்டு முழுவதற்குமான உண்மைச் சராசரியிலிருந்து அளந்தால் வரக்கூடியதைவிட, வர்க்கங்களின் கூடுதலாகிய 74 ஒருபோதும் மிகாது, பெரும்பாலும் குறைந்தே இருக்கும். அதை ஈடுசெய்யவே 4-ஆல் வகுக்கிறோம். அந்த ஐந்து நாள்களைப் பற்றி மட்டுமே பேசுவதானால் 5-ஆல் வகுப்பதே சரி.

பழைய எண்களை அழிக்க மறந்து புதியவற்றை ஏற்றிய தவறை நானே செய்திருக்கிறேன். ஆகவே ஷிஃப்ட், சிஎல்ஆர், 1, சமக்குறி என்ற வரிசையில் தொடங்குவது நல்லது. எம் பிளஸ்ஸை இருமுறை தட்டினால் அதே எண் இருமுறை ஏறும்.

பிற்பாடு வந்த எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் இரண்டு வேரியன்ஸையும் நேரடியாகவே காட்டுகிறது. ஆனாலும் கற்பவருக்கு எம்எஸ்ஸே என் பரிந்துரை: விடையைத் தாமே வர்க்கப்படுத்தும் மாணவருக்கு, 18.5 என்பது நிமிடமன்று, நிமிடத்தின் வர்க்கம் என்பது மறப்பதில்லை.