பேட்ஜில் பூஜ்யம், ரத்தத்தில் 12,400

எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது, சிகரெட் பிடிக்க ஆரம்பித்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபைப் பற்றி எழுதுகிறேன். அங்கே ஏன் போனேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

போன வருடம் வேறு ஒரு லேபில் செக்கப் செய்தபோது வெள்ளையணு 12,400 என்று வந்தது. 11,000-க்குள் இருக்க வேண்டியது. ஹீமோகுளோபின் 17.8. ரிப்போர்ட்டை நீட்டியவர் என் வேலை என்னவென்று கேட்டுவிட்டு, "ரேடியேஷன்ல இருக்கீங்கல்ல சார், அதான்" என்றார். எந்த வகை அணு கூடியிருக்கிறது என்று பிரித்துப் போடவில்லை, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும் செய்யவில்லை. அந்த ஒரு வார்த்தையில் பத்து நாள் தூக்கம் போனது, வீட்டில் வேலையையே விட்டுவிடச் சொன்னார்கள்.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் இந்த மாடி லேபுக்குப் போனேன். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி.யும் ஸ்மியரும் சேர்த்து 400 ரூபாய். பாத்தாலஜிஸ்ட் அம்மாவே மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து பார்க்கிறார், பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிறார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் உண்டா தம்பி? நாளைக்கு எத்தனை?" அடுத்து, உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் என் டி.எல்.டி. பேட்ஜின் ரிப்போர்ட்டைக் கேட்டார். லெட் ஏப்ரன் என்ற ஈயக் கவசத்துக்கு உள்ளே நெஞ்சில் குத்திக்கொள்வோமே, அதைச் சூடாக்கினால் வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் எங்கள் டோஸை, அதாவது வாங்கிய கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறார்கள். எங்களுக்கு அனுமதி, ஐந்து வருட சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. என் ரிப்போர்ட்டில் வரிசையாகப் பூஜ்யம்தான்.

கதிர்வீச்சு ரத்தத்தைத் தாக்கினால் பொதுவாக எண்ணிக்கை விழும் என்றார். பெரிய டோஸ் பட்டால் முதலில் சரிவது லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை, ஓரிரு நாளிலேயே குறைந்துவிடும். எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களைச் செய்ய முடியாமல் போவதால் நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளையணு வகையும் பிளேட்லெட்டும் பிறகு விழும். சிவப்பணு 120 நாள் வாழ்வதால் அது மெதுவாகத்தான் குறையும். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வந்து சேர்ந்து, அதைப் பிரித்தவர்களில் ஒருவர் இறந்தே போனாரே, அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கு நடந்தது இதுதான். எனக்கோ கூடியிருந்தது நியூட்ரோபில். ரத்தப் புற்றுநோயிலும் வெள்ளையணு கூடலாம், அதற்குத்தான் ஸ்மியர் என்று சொல்லி, முதிராத அணு எதுவும் இல்லை என்று அவரே காட்டினார். அந்த நிமிடம்தான் மூச்சு வந்தது.

மிச்சம் இருந்தது சிகரெட். புகை தினமும் நுரையீரலைப் புண்ணாக்க, உடம்பு அங்கே அனுப்புவதற்கென்று நியூட்ரோபிலை அதிகமாகவே வைத்திருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அப்படி வீணாகும் இடத்தை ஈடுகட்ட உடம்பு கூடுதல் சிவப்பணு செய்கிறது. 17.8 என்றால் நல்ல ரத்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன், உண்மையில் அது ரத்தம் கெட்டியாகி வருவதன் அடையாளம்.

என்னை அதிகம் உலுக்கியது வேறு. புகையிலை இலையில் பொலோனியம்-210 இருக்கிறது, அது ஆல்ஃபா கதிர் விடும் பொருள், புகையோடு போய் மூச்சுக்குழாய்ச் சுவரில் படியும். நெஞ்சில் குத்திய பேட்ஜ் அதை ஒருநாளும் காட்டாது. லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் பயந்துதான் நாங்கள் ஏப்ரன் போடுகிறோம், ஆனால் அதே மஜ்ஜைக்குப் புகையிலிருந்து பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் போய்க்கொண்டிருக்கிறது. அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா என்ற வகைக்கு சிகரெட்டும் ஒரு காரணம் என்பது நிரூபணமானது. இதை எங்கள் டிபார்ட்மென்டில் எனக்கு யாருமே சொன்னதில்லை, அங்கே பாதிப் பேர் டீக்கடையில் நின்று புகைப்பவர்கள்.

நிறுத்தி நாலு மாதம் கழித்து அதே லேபில் பார்த்தேன். வெள்ளையணு 8,700, ஹீமோகுளோபின் 15.6.

குறைகளும் உண்டு. லிஃப்ட் கிடையாது, வயதானவர்களுக்கு அந்தப் படி கஷ்டம். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட் இங்கே இல்லை. ரிப்போர்ட் மாலையில்தான் கிடைக்கும், வண்டி நிறுத்த இடமும் இல்லை. ஆனாலும் ஐந்துக்கு நாலரை தருவேன். ரேடியாலஜியில் இருப்பவர்கள் போனால் கடைசி ஒரு வருட பேட்ஜ் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை சிகரெட் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அம்மா காலை 11 மணி வரைதான் இருப்பார்.