மூன்று மாரி, இரண்டு சோடிக் கையுறை

கல்லடியில் வீட்டோடு சேர்த்துத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 47. கைவிரல் வீக்கத்துக்கென்று விற்கிற இறுக்கமான கையுறையை மூன்று மாரி போட்டுப் பார்த்துவிட்டேன். வாங்கலாமா என்று பலர் கேட்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் விரல் விறைக்கிற அளவுக்குக் குளிரா என்று வெளியூர்ச் சொந்தங்கள் கேட்பார்கள். மார்கழி, தை இரவுகளில்கூட இங்கே 23 பாகை அளவில்தான் இருக்கும். ஆனால் நாள்கணக்கில் விடாத மழை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காயாத உடுப்பு, வாடைக்காற்று. நோயுள்ள மூட்டுக்கு இந்தக் கூதலே போதும். காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொபினில் நூல் கோக்க முடியாது. திருவலையில் தேங்காய் பிடிக்க முடியாது.

ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு கார்த்திகையில் தொடங்கியது. மோதிரம் கழலவில்லை. மாமிதான் முதலில் கண்டார். "என்ன புள்ள, விரல் இப்பிடி ஊதிக் கிடக்கு? மோதிரத்தக் கழட்டு முதல்ல" என்று சவர்க்காரம் பூசி இழுத்து எடுத்தார். அப்புறம் நொச்சி இலை ஒத்தடம், எண்ணெய், தைலம். நான் காட்டிய ஒரு மருத்துவர், கத்தரிக்கோல் பிடித்த கை, வேலைக் களைப்பு என்று நோவு மாத்திரை தந்து அனுப்பினார். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. பிறகு பெரியாஸ்பத்திரியில் இரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்து, முடக்கு வாதம் என்றார்கள். கிளினிக் கொப்பியில் ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிற நோய். குளிர் அதை உண்டாக்குவதில்லை, இருக்கிற விறைப்பைக் கூட்டுகிறது. அந்த ஒன்றரை வருடத்தில் இடது நடுவிரல் வளைந்ததுதான், இன்றைக்கும் நிமிரவில்லை. இரண்டு கையிலும் ஒரே மாதிரி மொளிகள் வீங்கி, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் தைலத்தோடு காத்திருக்காதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

சரி, கையுறை. 2,400 ரூபாய்க்கு ஒரு பாமசியில் வாங்கினேன். நைலோனும் இழுபடுகிற நூலும் கலந்த துணி, விரல் நுனி திறந்திருக்கும். முதல் இரவே நல்ல சுகம். விடிய எழும்பும்போது கை ஏற்கனவே சூடாக இருந்தது, விறைப்பு அரை மணியில் விட்டது. ஆனால் தையல் உள்பக்கம் இருந்தது. வீங்கிய மொளியில் அந்த ஓரத் தையல் அழுத்தி, காலையில் விரல் நெடுக ஒரு சிவப்புக் கோடு. தையல்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உள்ளே வெளியே புரட்டிப் போட்டேன், கோடு போய்விட்டது. இன்னொன்று, அளவு எடுக்கும்போது மாலையில் எடுத்துவிட்டேன். விரல் தடிக்கிறது காலையில். அதனால் முதல் மாதம் நடுச்சாமத்தில் விரல் மரத்து, ஊசி குத்துவதுபோல் எழும்பிக் கழற்ற வேண்டியிருந்தது. அப்படி மரத்தால் கழற்றியே ஆகவேண்டும்.

இரண்டாவது மாரிக்குள் இழுவை தளர்ந்துவிட்டது. மழைக்குள் கழுவினால் இரண்டு நாளுக்குக் காயாது, புழுங்கல் மணம் வேறு. மாற்று வேண்டுமென்று மகனின் பழைய டீசேர்ட்டை எடுத்தேன். பத்திரிகைத் தாளில் கையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட்டி வெட்டினேன். தையல் முழுக்க வெளிப்பக்கம். விரல் நகக்கண்ணோடு நிற்கும், ஊசி நுனி தெரியவேண்டுமே. தொளதொளவென்று இருக்கும், அமுக்கம் எதுவும் இல்லை.

ஒரு கிழமை இது, ஒரு கிழமை கடைக் கையுறை என்று மாற்றி மாற்றிப் போட்டு, காலையில் எத்தனை நிமிடத்தில் முஷ்டி மடங்குகிறது என்று கலண்டரில் குறித்தேன். வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் முடக்கு வாதம் போன்ற மூட்டு நோய் உள்ளவர்களிடம் இதே கேள்வியை வைத்துச் செய்த ஆய்வு 2021 இல் வெளிவந்திருக்கிறது. இறுக்கமான கையுறையும் தளர்ந்த கையுறையும் நோவைக் குறைப்பதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனவாம். அமுக்கத்தைவிட வெதுவெதுப்புத்தான் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. எனக்குக் காசில்லாத டீசேர்ட் துணி போதும்.

வீக்கத்தை இரண்டு கையுறையும் இறக்கவில்லை. அதை இறக்கியது மருந்து. மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிராபத்து. அதனால் அந்த நாளைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். போலிக் அமிலம் என்கிற விற்றமின் மாத்திரை வேறொரு நாளில். இடைக்கிடை இரத்தச் சோதனை. மூன்று மாதம் போகும்வரை பெரிய மாற்றம் தெரியவில்லை, பொறுத்திருந்தேன்.

காலையில் பேசினில் வெந்நீர், முழங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பத்து நிமிடம். தண்ணீருக்குள்ளேயே மெதுவாக மடக்கி விரிப்பேன், பெருவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவேன். மாரி விடியலில் கிணற்றுத் தண்ணீர் தாங்கித் தண்ணீரைவிட வெதுவெதுப்பு, பாத்திரம் கழுவ அதைத்தான் அள்ளுவேன். மொளி சிவந்து கொதிக்கிற நாளில் மட்டும் சூடு வைப்பதில்லை. பிசியோதெரபியில் உருகிய மெழுகில் கையைத் தோய்த்துச் சுற்றிவைத்தார்கள், அது அருமையான சுகம். ஆனால் வீட்டில் மெழுகுதிரியை உருக்கிச் செய்யாதீர்கள், கை வெந்துவிடும். அதற்கான மெழுகு வேறு, குறைந்த சூட்டில் உருகுவது.

எல்லா விரல் வீக்கமும் ஒன்றல்ல. லண்டனில் இருக்கிற அக்காவுக்கு ஈரக்குளிரில் விரல் சிவந்து, ஊதி, அரிக்கும். சில்பிளேன் என்கிறார்கள். அவர் என்னைப்போல் சுடுநீரில் கை வைத்தால் இன்னும் மோசமாகும், மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு மச்சாள் மீன் விற்பவர். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டால் விரல் சுண்ணாம்பாய் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து வலிக்கும். ரேனோ என்கிற இரத்தக்குழாய்ச் சுருக்கம். இறுக்கமான கையுறை அவருக்கு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் குழாயைச் சுருக்கும் என்பதால் அதையும் விடச் சொன்னார். அவருக்கு நான் முழுவிரல் மூடுகிற பருத்தி உறை தைத்துக் கொடுத்தேன், மேலே பெரிய அளவு இறப்பர் உறை. போன தை மாதம் முழுக்க அப்படித்தான் மீன் அள்ளினார். விரல் வெளுத்தது இரண்டு நாள் மட்டும், இரண்டும் இறப்பர் உறை ஓட்டையான நாட்கள். இந்த மாரிக்கு அவருக்கு நாலு சோடி வெட்டி வைத்திருக்கிறேன்.