ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஏமாற்றிய ஒரு ட்ரைலோபைட்: நாலு வருஷ அனுபவம்

2021 ஊரடங்கில் மொபைலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் புதைபடிவம் சேர்க்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. மொராக்கோ ட்ரைலோபைட், எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் புதைபடிவம், சுமார் 40 கோடி ஆண்டு பழசு, விலை 2,900 ரூபாய். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்ப்பவன் நான். தினமும் அடுத்தவன் சரக்கின் பேப்பரை நோண்டுகிறவன், என் சரக்குக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன்.

வந்தது அழகாகத்தான் இருந்தது. மரவட்டையை அகலமாக்கிக் கல்லில் பதித்த மாதிரி. தண்டையார்பேட்டை வீட்டு ஷோகேஸில் இரண்டு மாதம் இருந்தது. அப்புறம் ஒருநாள், காசிமேட்டில் பைபர் படகு ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிராணியை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், நகத்தால் கீறினார். பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்து நாலு இழுப்பு இழுத்து என் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாருண்ணா. நம்ம போட்டுக்கு ஊத்துற அதே ரெசினுதான். காத்து முட்ட கீது பாரு, இதுக்கா மூவாயிரம் குடுத்த?”

காசிமேட்டுப் படகுத்துறையில் சுற்றும் அதே நெடி. அடியில் குண்டூசித் தலை அளவு குழிகள், காற்றுக்குமிழ் வெடித்த தடம். ரெசினில் கல்பொடியைக் கலந்து அச்சில் ஊற்றியிருக்கிறார்கள். அன்றைக்குக் கற்ற பாடத்தைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: முதலில் கல், பிறகு பிராணி.

அதன்பின் வாங்கிய சாமான்களில் தேறியது இரண்டு. முதலாவது பத்து மடங்கு லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பது. சௌகார்பேட்டையில் பொற்கொல்லர் சாமான் கடையில் வாங்கினேன். அதற்கு முன் ஆன்லைனில் ‘40 மடங்கு’ என்று ஒன்று வந்தது. பத்துகூடத் தேறாது, ஓரமெல்லாம் கலங்கல். குமிழ், தூரிகைத் தடம், வார்ப்பின் விளிம்புக்கோடு எல்லாம் நல்ல பத்து மடங்கிலேயே மாட்டிக்கொள்ளும். ஃபேகாப்ஸ் வகை ட்ரைலோபைட்டின் கண்ணை இதில் பார்க்க வேண்டும். நிஜமானதில் லென்ஸ்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக வரிசை கட்டி நிற்கும். என்னுடைய போலியில் மணிகள் கரைந்து, குழைந்த ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக் கிடந்தன.

விரிசலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் விரிசல் இருந்தால் வேண்டாம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் ட்ரைலோபைட்டைக் கண்டுபிடிப்பதே கல்லைச் சுத்தியலால் உடைத்துத்தான். உடையும்போது பிராணியும் சேர்ந்து பிளக்கும். ஒட்டவைத்துத்தான் சுத்தம் செய்வார்கள். ஆகவே கல்லில் தொடங்கி பிராணியின் உடம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் விரிசல் எனக்கு இப்போது ஆறுதல். ஒரு சின்ன எச்சரிக்கை: அச்சில் விரிசலும் பதியும். ஒரே விரிசலோடு இரண்டு கடைகளில் இரண்டு ‘அபூர்வ’ ட்ரைலோபைட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, புற ஊதா டார்ச். முதலில் 395 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்று வாங்கி வீணானது. எதன்மேல் அடித்தாலும் கத்தரிப்பூ வெளிச்சம்தான் தெரியும். 365 வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இருட்டறையில் அடித்தால் பல பசைகளும் பூச்சுகளும் நீலம் கலந்த வெள்ளையாக மினுங்கும். ஆனால் சில கல்லும் எலும்பும் தானாகவே ஒளிரும் என்பதால், மினுங்கியதும் குதிக்கக் கூடாது. மினுக்கம் ஒட்டுக்கோட்டைப் பின்பற்றிப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நிறப்பொடி கலந்த பசை கம்மென்று இருந்துவிடும். அங்கே மறுபடியும் லென்ஸ்தான்.

டார்ச் தன் காசை மீட்டது மோசசார் என்ற, அழிந்துபோன கடல் பல்லி இனத்தின் தாடை ஒன்றில். மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் மோசசார் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, உதிரிப் பல் மலிவு. ஆனால் தாடையோடு என்றால் விலை எங்கோ போய்விடும். நண்பர் வாங்கிய துண்டில் டார்ச் அடித்தால் ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஒரு வெள்ளை வளையம். ஊசியால் தொட்டதும் ‘கல்’ மணலாக உதிர்ந்தது. பற்கள் நிஜம், தாடை மணலும் பசையும். இதைப் போலி என்பதா, நிஜம் என்பதா? நண்பர் இன்னும் நிஜம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

ஆம்பருக்கு, அதாவது கல்லாகிப்போன பழைய மரப்பிசினுக்கு, வீட்டுச் சோதனையே போதும். டம்ளர் தண்ணீரில் கல்லுப்பைக் கரையாமல் அடியில் தங்கும்வரை கலக்குங்கள். ஆம்பர் மிதக்கும், பெரும்பாலான பிளாஸ்டிக் மூழ்கும். கோபால் என்ற இளம் பிசினும் மிதந்து ஏமாற்றும். அதன்மேல் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் பிசுபிசுக்கும்.

லென்ஸ் பித்து முற்றி ராயபுரம் அத்தை வீட்டுச் சாளக்கிராமத்தையும் பார்த்தேன். கண்டகி நதிக் கல்லில் இருக்கும் அம்மோனைட்தானே அது, சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் பிராணி. “சாமி மேல டார்ச் அடிக்கிறியேடா” என்று திட்டு விழுந்தது. வரிகள் கல்லுக்குள் இறங்கிப் போயின, செதுக்கிய தடம் இல்லை. அத்தைக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

இந்தச் சாமான்கள் பிடிக்காத பொய் ஒன்று உண்டு: ஊர்ப் பெயர். 1989இல் ஆஸ்திரேலியப் புவியியலாளர் ஜான் டேலண்ட், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா இமயமலையில் கிடைத்ததாக எழுதிவந்த புதைபடிவங்களில் பல வெளிநாட்டவை என்று ‘நேச்சர்’ இதழில் அம்பலப்படுத்தினார். மொராக்கோவின் எர்ஃபூத் பக்கத்து அம்மோனாய்டுகளும் (அம்மோனைட்டின் சொந்தக்காரர்கள்) அதில் அடக்கம். கல் நிஜம், முகவரி பொய். எந்த டார்ச் அடித்து இதைக் கண்டுபிடிப்பது? அதனால் இப்போது அலுவலகத்தில் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ கேட்கும் அதே குரலில் விற்பவரிடம் கேட்கிறேன்: எந்த ஊர், எந்தப் பாறையடுக்கு, அடிப்பக்கப் படம் எங்கே. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை.

கடைசியாக வாங்கியது அமெரிக்காவின் யூட்டாவில் கிடைக்கும் எல்ராதியா என்ற ட்ரைலோபைட். கட்டைவிரல் நகத்தளவு, கறுப்பு, சுமார் 50 கோடி ஆண்டு. நிறையக் கிடைப்பதால் போலி செய்கிற கூலிகூடக் கட்டாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறது.

சாமான்களின் நிலவரம்: டார்ச்சுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினேன், ஒளி குறையவில்லை. கடல் காற்றில் ஊசிகள் துருப்பிடித்து மூன்று முறை மாற்றியாயிற்று. லென்ஸ் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, மடக்கும் திருகுதான் துரு ஏறி இறுகிவிட்டது. படகுத் தம்பி எண்ணெய் விட்டுத் தந்தார். போகும்போது அந்தப் பழைய ட்ரைலோபைட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார், அதில் அச்சு எடுத்துப் பார்க்கணுமாம்.