புற்றுநோய்க்கு மஞ்சளா, பட்டிப்பூவா?

யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மஞ்சள் சமையலறையில், பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணி கோயில் வீதியிலும் வளவு ஓரத்திலும். யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், சொந்தக்காரர் முதலில் சொல்வது மஞ்சளைத்தான்.

மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்க் கலங்களை அடக்குகிறது. சரி, வயிற்றுக்குள் போனால்? குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும், ஈரல் வேகமாகச் சிதைத்துவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சல் கூடும்; ஆனால் அப்படிச் செறிவாக்கிய குளிசைகளால் ஈரல் பாதிப்பு வந்தவர்களும் உண்டு. இன்றுவரை குர்குமின் அங்கீகரிக்கப்பட்ட புற்றுநோய் மருந்தல்ல. கறியில் போடும் மஞ்சளுக்கு அந்த ஈரல் பயம் வேண்டாம்.

பட்டிப்பூவின் கதை வேறு. நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்டதால் 1950களில் கனடாவில் அதன் இலையைச் சோதித்தார்கள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன! அங்கிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது, பின்னர் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்கா வின்கிரிஸ்டினை அங்கீகரித்தது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. கலம் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்கள் உருவாகாமல் அது தடுக்கிறது.

அதற்காக இலையை அவித்துக் குடிக்காதீர்கள், அது நஞ்சு. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தும் நாளத்தில் மட்டுமே ஏற்றப்படும். தவறி முள்ளந்தண்டுத் திரவத்துக்குள் போனால் உயிரே போகும்.

என் ஓட்டு பட்டிப்பூவுக்கு, ஆனால் வைத்தியசாலையில் ஊசியாக வரும் பட்டிப்பூவுக்கு. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை எடுப்பவர் மஞ்சள் குளிசையும் விழுங்குகிறார் என்றால், வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்கும் மருந்து எடுப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும்.