385 பவுண்டு போச்சு: கேம்பர் வேனுக்குப் பழைய சைக்கிள் ரேக் வாங்குறவங்க முதல்ல இதைப் படிங்க

பார்சலைப் பிரிச்சு ஆறு நாள் ஆச்சு. இன்னிக்குக் காலையில பேங்கும் கையை விரிச்சுடுச்சு. 385 பவுண்டு. இங்கிலாந்துல கேம்பர் வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கி ஊர் சுத்துற வேன்) வெச்சிருக்கிறவங்க பலரும் கோடை லீவுக்கு இப்பத்தான் ரேக் தேடிட்டிருப்பீங்க, அதனால ஆறப்போடாம உடனே எழுதுறேன். எதை எதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில வரிசையா சொல்றேன்.

வாங்கினது ஃபோக்ஸ்வாகன் டி6 வேனோட பின்கதவுல மாட்டுற ரேக். மேல தூக்கித் திறக்கிற ஒத்தைக் கதவு, டெயில்கேட்னு சொல்றது. வாங்கின இடம், ஆளுக்கு ஆள் பழைய பொருள் வித்துக்கிற ஒரு ஆன்லைன் சந்தை. விளம்பரத்துல இருந்தது இவ்வளவுதான்: டி6 டெயில்கேட், 60 கிலோ தாங்கும், ரெண்டு இ-பைக் (பேட்டரி சைக்கிள்) ஏத்தலாம், கொக்கி எல்லாம் இருக்கு, விலை 405.

நான் ஒண்ணும் கேக்காம வாங்கல. எந்த வருஷ வேன்ல மாட்டியிருந்தீங்கன்னு கேட்டேன். கொக்கிக்கு அடியில ரப்பர் இருக்கான்னு கேட்டேன். கதவைத் தூக்கி நிறுத்துற கேஸ் ஸ்ட்ரட்டை மாத்தினீங்களான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் விஷயம் தெரிஞ்ச ஆள் மாதிரி பதில் வந்துச்சு. ரேக் மட்டுமே 15 கிலோ கிட்ட வரும், ஒரிஜினல் ஸ்ட்ரட் கதவைத் தூக்கி நிறுத்தாது, திறந்தா தலையில இறங்கிடும், அதனால கூடுதல் நியூட்டன் உள்ள, அதாவது இன்னும் பலமா தள்ளுற ஸ்ட்ரட் போட்டேன்னு அவரே சொன்னார். இது சும்மா விக்கிறவன் வாயில வர்ற பேச்சு இல்ல. அப்புறம் ஒரு மெசேஜ்: "மோட்டார்வேல ரேக் கழண்டா பின்னால வர்றவன் செத்துடுவான், அதுல போய் யாராவது பொய் சொல்வாங்களா?" அங்கதான் விழுந்தேன்.

நேரா பேங்க்ல போட்டா 20 பவுண்டு குறைக்கிறேன்னார், கூரியரும் தன் செலவுன்னார். பேரும் அக்கவுண்ட்டும் பொருந்துதுன்னு பேங்க் ஆப் காட்டுச்சு. அனுப்பிட்டேன். பேர் பொருந்துதுன்னா அந்த அக்கவுண்ட் அந்தப் பேர்ல இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ஆள் யோக்கியன்னு அர்த்தம் இல்ல.

வந்தது டி5 ரேக். 2003-லேர்ந்து 2015 வரைக்கும் வந்தது டி5. 2015-ல டி6 வந்தப்போ டெயில்கேட்டையே மாத்திட்டாங்க. அதனாலதான் ரேக் கம்பெனிகள் ரெண்டுக்கும் தனித்தனி மாடல் விக்கிறாங்க. மேல் கொக்கி கதவோட மேல் விளிம்புல முழு அகலத்துக்கும் படியணும். இது ஒரு மூலையில மட்டும் தொட்டு நிக்குது. இறுக்கினா அந்த மூலை தகரத்தை நசுக்கும், பெயின்ட் போகும், அப்புறம் துரு. இறுக்காம விட்டா மேடு பள்ளத்துல கொக்கி எகிறி வெளிய வரும்.

லேபிள் அதைவிட மோசம். 60 கிலோன்னு இருந்தது வீட்டு பிரின்டர்ல அடிச்ச ஸ்டிக்கர். ஹேர் டிரையர் காட்டி உரிச்சா அடியில டி5-னு ஒரிஜினல் லேபிள், எடை இருக்கிற இடம் மட்டும் சுரண்டியிருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா பணம்தான் போச்சுன்னு விட்டிருப்பேன். கீழ் தட்டு தாங்குற அலுமினியக் குழாயோட வெல்டுல கிட்டத்தட்ட ஒரு அங்குலத்துக்கு விரிசல். அதுமேல சில்வர் பெயின்ட். நகத்தால தேய்ச்சா உரியுது. இது ஏன் கொலைபாதகம்னு புரியணும்னா கணக்கைப் பாருங்க. இ-பைக் ஒண்ணு சுமார் 25 கிலோ, ரெண்டு 50. ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சா அந்த வெல்டுக்கு அது நூறு கிலோ மாதிரி. வெளிப்பக்க சைக்கிள் கதவைவிட்டு எவ்வளவு தள்ளி நிக்குதோ அவ்வளவுக்கு நெம்புகோல் மாதிரி கீழ இழுக்கும். அதனாலதான் கனமான சைக்கிளைக் கதவை ஒட்டி உள்பக்கமா வைக்கச் சொல்றது, பேட்டரியைக் கழட்டி வேனுக்குள்ள வைக்கச் சொல்றது. பேட்டரி கழட்டினாலே ஒரு சைக்கிளுக்கு 3 கிலோ கிட்ட குறையும். விரிசல் விட்ட அலுமினியத்தை யாரோ திரும்ப வெல்டு பண்ணித் தரேன்னாலும் ஒத்துக்காதீங்க. வெல்டு சூட்டுல அக்கம்பக்கத்து அலுமினியத்தோட பலம் போயிடும், அடுத்த விரிசல் அதுக்குப் பக்கத்துலயே வரும்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வயிறெரியுது. வித்தவர் முதல்ல சொன்னது, "டி5, டி6 எல்லாம் ஒண்ணுதான், கொஞ்சம் அழுத்தி மாட்டுங்க." விரிசல் போட்டோ அனுப்பினதும் கூரியர்காரன் உடைச்சிருப்பான்னார். கூரியர்காரன் உடைச்சிட்டு பெயின்ட்டும் அடிச்சானான்னு கேட்டேன், பிளாக் பண்ணிட்டார். சந்தைக்காரங்க கிட்ட நாலு தடவை புகார். நாலு தடவையும் அச்சு மாறாம ஒரே பதில்: பணம் எங்க வழியா வரல, அதனால எங்க பாதுகாப்பு இல்ல. ஸ்டிக்கர் போட்டோவை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கல.

பேங்க்ல நம்பிக்கை இருந்துச்சு. பேங்க் டிரான்ஸ்ஃபர்ல ஏமாந்தா 85,000 பவுண்டு வரைக்கும் பேங்க் திருப்பித் தரணும்னு 2024 அக்டோபர் 7-லேர்ந்து விதி இருக்கு. ஆனா வாங்கினவனுக்கும் வித்தவனுக்கும் நடுவுல வர்ற சிவில் தகராறு அதுல சேராது. பார்சல் வந்து சேர்ந்துடுச்சே, பொருள் சரியில்லன்னா அது தகராறு, மோசடி இல்லன்னு முடிச்சிட்டாங்க. வெறும் செங்கல் வந்திருந்தாகூட என் பக்கம் இன்னும் பலமா இருந்திருக்கும் போல. 385 பவுண்டு!

வரிசையா சொல்றேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. இதை மட்டும் செய்யுங்க. ரேக்கை நேர்ல போய் உங்க வேன்லயே மாட்டிப் பார்க்காம காசு குடுக்காதீங்க. லேபிளை நகத்தால கீறிப் பாருங்க. வெல்டு ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் புது பெயின்ட் இருந்தா திரும்பி வந்துடுங்க. சந்தைக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க, 20 பவுண்டு குறைச்சாலும் சரி, நூறு குறைச்சாலும் சரி. நல்ல ரேக்கே கிடைச்சாலும் முதல் 30 கிலோமீட்டர்ல நிறுத்தி கொக்கி, ஸ்ட்ராப் எல்லாம் ஒரு தடவை இறுக்குங்க. சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைச்சா, நம்பரும் லைட்டும் வெச்சுப் பின்னால மாட்டுற லைட் போர்டு கட்டாயம், இல்லன்னா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம். கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி சைக்கிளை இறக்கிடுங்க.

வித்தவருக்கு 14 நாள் கெடு வெச்சு லெட்டர் போட்டாச்சு. பதில் வரலன்னா 50 பவுண்டு கட்டி, சின்னத் தொகை வழக்கு பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். ரேக்கை வாங்கிக்கிறேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க, சும்மாகூடத் தர மாட்டேன். கேஸ் முடியற வரைக்கும் அது சாட்சி. முடிஞ்ச அன்னிக்கு ரெண்டா அறுத்து ஸ்கிராப்புக்குப் போடுறேன்.