நூலகம்: கொடுப்பவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

வீட்டு அலுமாரியில் பழைய கல்வெட்டு ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கல்லில் வெட்டியதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகம். முன்னட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கங்களில் வம்சாவழி. கடையில் விற்பனைக்கு வராது. ஆனால் யார் மலாயாவுக்கு வேலைக்குப் போனார், எந்தக் குடும்பம் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தது என்பது போன்ற ஊர்ச் செய்திகள் பலவேளை அதில் மட்டும்தான் இருக்கும்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம (டிஜிட்டல்) வடிவில் இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனம் இவற்றை ‘நினைவு மலர்கள்’ என்று தனிப் பகுப்பாகவே சேர்த்து வைக்கிறது. பெரிய நூலகங்கள் திரும்பியும் பார்க்காத கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலைய வெளியீடு எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. அதன் முதல் பெருமை இதுதான் என்பேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் ஆபத்தை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் யார் எங்கிருந்தும் காசில்லாமல் வாசிக்கலாம், தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வாசகருக்குக் கிடைப்பது வெறும் பிடிஎப் அல்ல. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் ஆகிய விபரங்களுக்குக் கீழே பொருளடக்கத்தையும் தட்டச்சுச் செய்து போடுகிறார்கள். ஆட்களின் வாழ்க்கைக் குறிப்பைத் தரும் ‘ஆளுமை’ பக்கங்கள் இன்னும் பயனுள்ளவை. ஒருவருடைய பெயரோடு தந்தை பெயரும் தலைப்பிலேயே இருப்பதால் ஒரே ஊரின் நான்கு கந்தசாமிகளும் குழம்பமாட்டார்கள். அடியில் ‘வளங்கள்’ என்று, இந்த நூலக எண்ணில் இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை என்று குறித்திருப்பார்கள். குடும்ப வரலாறு தேடுபவருக்கு அந்த ஒரு வரி மூன்று நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

தேடலில்தான் பொறுமை வேண்டும். படத்திலுள்ள எழுத்தை வாசித்தெடுக்கும் தமிழ் எழுத்துணரி (OCR) பழைய அச்சில் தடுமாறும். ‘ா’ என்ற காலையும் ரகரத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். தும்பிக்கை போலக் கொம்பு வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வந்தால் தொலைந்தது. ஆகவே ஒரு பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள்; பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்தை (இனிஷியலை) விட்டுவிட்டும் தேடுங்கள். சில ஆவணங்களில் விபரம் இருக்கும், வாசிக்கும் இணைப்பு இருக்காது. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இன்னும் வரவில்லை என்று பொருள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அது சரியான நடைமுறை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எழுத்தாளர் குடும்பங்கள் காசு செலவில்லாமல் பெரிய உதவி செய்யலாம். அப்பாவின் நூல்கள் எல்லாவற்றின் தலைப்பையும் ஆண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை கனடாவில், ஒருவர் கொழும்பில் என்று சிதறியிருந்தால் ஆளுக்கொரு கடிதம் போதும். மூத்தவர் மட்டும் கையொப்பமிட்டுவிட்டு மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பின்னால் சிக்கல் வரும்.

பொருளாகக் கொடுப்பவர்கள் முதலில் தளத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால், அங்குள்ள பிரதியில் பக்கம் விடுபட்டிருக்கிறதா, அட்டை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லாதவற்றைத் தலைப்பு, ஆண்டு, பக்கம், நிலை என்று பட்டியலிட்டு அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு பொதி கட்டுங்கள். பட்டியல் இல்லாமல் பத்துப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனால், அதைப் பிரித்துப் பார்க்கவே ஆளும் நேரமும் வேண்டும்.

பொதி கட்டுமுன் திருத்த வேலை எதுவும் செய்யாதீர்கள். கிழிசலில் ஒட்டிய செலோடேப் சில ஆண்டில் மஞ்சளாகிப் பசை எழுத்துக்குள் இறங்கிவிடும். லமினேற் செய்தது திரும்பாது. துருப்பிடித்த கம்பியை இழுத்துப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். கறையானோ இராமபாணமோ கண்டால் அந்தப் புத்தகத்தை வேறாகப் பையிலிட்டு, மேலே எழுதியும் விடுங்கள். ஏட்டுச் சுவடிக்கு வீட்டு எண்ணெய் பூசுவது பெரிய தவறு. அதை அப்படியே கொடுங்கள்.

பொருளைப் பிரிய மனமில்லையா? வீட்டிலேயே வருடி (ஸ்கான் செய்து) கொடுக்கலாம். 300 டிபிஐ, வண்ணத்தில். பக்கம் கறுப்பு வெள்ளைதானே என்று வண்ணத்தை விட்டால், மங்கிய மையும் கறையும் ஒன்றாகிவிடும். முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், விளம்பரம் எதையும் தவிர்க்காதீர்கள். அச்சக விளம்பரமே ஒரு வரலாறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும், எழுத்து உடைந்துவிடும். கோப்பாக, கூகுள் டிரைவ் போன்ற இணைய இயக்ககத்தில் ஏற்றி இணைப்பாகக் கொடுங்கள்.

புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதக் கூடாது. அது மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு. பெயரில்லாத படம் பாதிப் படம்.

காசு கொடுப்பதில் ஒரு சொல். ‘என் ஊர் நூல்களுக்கு மட்டும்’ என்று முடிச்சுப் போட்டுக் கொடுப்பவர்கள் அதிகம். விருப்பம் நியாயந்தான். ஆனால் வருடுவது வேலையில் ஒரு பங்குதான். விபரம் எழுதுவது, சரிபார்ப்பது, வழங்கி (சேர்வர்) வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும். விழாவில் ஒருமுறை கொடுக்கும் பெரிய காசோலையை விட, முடிச்சில்லாமல் மாதம் வரும் சின்னத் தொகை உதவும். அது இருந்தால்தான் அடுத்த வருடத்துக்கும் ஆளை வைத்துக்கொள்ளத் துணிவு வரும்.

நேரம் கொடுப்பதாயின் ஊர்ச் சங்கங்கள் ஆளுமை விபரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்த தலைமையாசிரியர், நாதஸ்வரக் கலைஞர், அண்ணாவியார், பரியாரியார் என்று இருபது பேரை எழுதி, ஒவ்வொருவருக்கும் தந்தை, தாய், பிறப்பு, ஆதாரம் சேருங்கள். ஆதாரம் இல்லாத புகழுரை பயன்படாது.

வயதானவர்களின் குரல் பதிவுகள் நூலகத்தின் ‘ஆவணகம்’ என்ற பல்லூடகப் பகுதிக்குப் போகும். பதியும்போது முதலிலேயே பெயர், ஊர், திகதி, வெளியிடச் சம்மதம் நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். எம்பி3 ஆக மாற்றாமல் மூலக் கோப்பையே வைத்திருங்கள். அறை எவ்வளவு வெக்கையானாலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் இரைச்சலைப் பிறகு வெட்டப் போனால் அம்மம்மாவின் மெல்லிய குரலும் சேர்ந்து வெட்டுப்படும்.